மரவாயு முதலில் அடுப்புக்கு

இரண்டு பழைய இரும்புப் பீப்பாய், சில அடி குழாய், ஒரு ப்ளோயர், வெல்டிங் தெரிந்த ஒரு கை. இவை இருந்தால் விறகிலிருந்து எரிவாயு எடுத்து ஜெனரேட்டரை ஓட்டிவிடலாம் என்று காட்டும் காணொளிகள் ஏராளமாகப் பரவிக் கிடக்கின்றன. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் முழங்குவதையும் பல்பு எரிவதையும் பார்க்கிற இளைஞருக்கு, நாமும் இதைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்தக் காட்சியில் பொய் இல்லை. மரவாயுவில் இன்ஜின் ஓடும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகமெங்கும் ஓடியிருக்கிறது. ஆனால் காணொளி முடியும்வரை ஓடுவது வேறு, ஒரு குடும்பமோ ஒரு தொழிலோ நம்பியிருக்கும்படி வருடக்கணக்கில் ஓடுவது வேறு. கேசிஃபையர் என்னும் இந்தச் சாதனத்தின் வேதியியலையும் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு முடிவுதான் கிடைக்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் சிறிய அளவில் கட்டப்படும் கேசிஃபையர் வெப்பம் தருவதில் நல்ல சாதனம், மின்சாரம் தருவதில் மோசமான சாதனம். இதைப் பிரித்துப் பார்க்காமல் மின்சாரத்தையே குறிவைத்ததால், பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு தொழில்நுட்பம் நம் நாட்டில் பெயரைக் கெடுத்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது.

விறகு எரிவதை உற்றுப் பார்த்தால், கட்டை அப்படியே தீப்பிடிப்பதில்லை என்பது தெரியும். சூடேறும்போது முதலில் அதன் ஈரம் வெளியேறுகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கட்டை சிதைந்து ஆவிகளை விடத் தொடங்குகிறது. நாம் காணும் மஞ்சள் சுடர் அந்த ஆவி எரிவதுதான். கடைசியில் மிஞ்சுவது கரி. கேசிஃபையர் இந்தப் படிகளை ஒரு மூடிய உலைக்குள் பிரித்து நிறுத்துகிறது. முழுதாக எரிவதற்குப் போதாத அளவுக்கே காற்றை உள்ளே விடுகிறோம். காற்று நுழையும் இடத்தில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், கீழே தணலாகக் கிடக்கும் கரிப்படுகையைக் கடக்கும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. வெளியே வரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, அதே அளவோ சற்றுக் குறைவாகவோ ஹைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன். ஏறக்குறைய பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன், அது எரியாது. எனவே ஒரு கனமீட்டர் மரவாயுவில் இருக்கும் ஆற்றல் 5 மெகாஜூல் அளவுதான். இயற்கை எரிவாயுவில் அது 35 மெகாஜூலுக்கும் மேல். மெலிந்த வாயுதான் என்றாலும் நின்று நிதானமாக எரியும், குழாயில் கொண்டுபோகலாம், வால்வைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். விறகடுப்பில் இல்லாத இந்தக் கட்டுப்பாடுதான் கேசிஃபையரின் உண்மையான வரம்.

இந்த வாயுவோடு கூடவே தாரும் வருகிறது. இதைப் பற்றித்தான் காணொளிகள் அதிகம் பேசுவதில்லை. மரம் சிதையும்போது உண்டாகும் கனமான ஆவிகள் உலையின் உச்ச வெப்பப் பகுதியைக் கடந்து உடைந்துபோனால் நல்லது. உடையாமல் தப்பியவை குழாயில் குளிர்ந்து, கறுத்த பசையாக ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜினுக்குள் போனால் வால்வையும் பிஸ்டன் வளையத்தையும் பிடித்துவிடுகின்றன. இன்ஜினுக்குச் செல்லும் வாயுவில் கனமீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தார் இருக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. விறகு மேலிருந்து இறங்க, வாயு கீழிருந்து ஏறும் எளிய உலையில் இது 10 கிராமிலிருந்து 100 கிராம்வரை போகும். வாயுவைக் கீழ்நோக்கி இழுத்து நெருப்பு வழியாகவே செலுத்தும் நல்ல உலையிலும் ஒரு கிராம் அளவுக்கு இருப்பது சாதாரணம். விறகில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தாலோ, துண்டுகள் ஒழுங்கற்ற அளவில் இருந்து உலைக்குள் ஒன்றோடொன்று சிக்கி இறங்காமல் நின்றாலோ, மின்தேவை குறைந்து இன்ஜின் மெதுவாக இழுத்தாலோ நெருப்புப் பகுதி குளிர்ந்து தார் பெருகிவிடும். வடிகட்டித் தீர்க்கலாம்தான். வாயுவைத் தண்ணீரில் கழுவினால் தார் பிரியும். ஆனால் பீனால் கலந்த அந்தக் கழுவுநீரைக் கொட்டுவதற்கு இடம் வேண்டும். ஒரு கிராமத்தில் அது வாய்க்காலுக்கோ கிணற்றடிக்கோ போகாது என்று யார் பொறுப்பேற்பது? அதே வாயுவைக் குளிரவிடாமல், கழுவாமல், நேராகப் பர்னரில் பற்றவைத்தால் தாரும் சேர்ந்து எரிந்து வெப்பமாகிவிடுகிறது. இன்ஜினுக்கு எமனாக இருப்பது சுடருக்கு எரிபொருள். என் வாதம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 15 மெகாஜூல் இருக்கிறது; மின்சாரக் கணக்கில் சொன்னால் 4 யூனிட்டுக்குச் சற்று மேல். அதை வாயுவாக்கி, குளிர்வித்து, சுத்தப்படுத்தி, சிறிய இன்ஜினில் எரித்து, ஜெனரேட்டரைச் சுழற்றினால் கைக்கு வருவது 0.6 அல்லது 0.7 யூனிட், கைத்தயாரிப்பில் அதுவும் குறையும். மேலும், பெட்ரோல் இன்ஜினை மரவாயுவுக்கு மாற்றினால் அதன் திறனில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை போய்விடும். டீசல் இன்ஜின் மரவாயுவில் மட்டும் ஓடாது, பற்றவைப்புக்காகக் கொஞ்சம் டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான வாயுவை அப்படியே எரித்தாலோ விறகிலிருந்த 4 யூனிட்டில் 3 யூனிட்டுக்கு மேல் சுடரில் கிடைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவிடும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அதை மரவாயுவில் ஓட்ட 300 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அதை விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். மழைக்காலத்திலும் காய்ந்ததாக வைத்திருக்க வேண்டும். உலை எரியும் நேரமெல்லாம் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த 200 யூனிட்டில் முதல் 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு பதிக்க 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 78,000 ரூபாய்வரை மானியம் தருகிறது. சூரியத் தகட்டுக்கு விறகு நறுக்க வேண்டாம், அதில் தார் ஒட்டாது. வீட்டு மின்சாரத்துக்காக இன்று கேசிஃபையர் கட்டுவதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

வாகனங்களே ஓடினவே, ஜெனரேட்டர் ஓடாதா என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அற்றுப்போனபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் மரவாயுவிலும் கரிவாயுவிலும் ஓடியது உண்மை. பிரான்சின் ஜார்ஜ் இம்பெர்ட் 1920-களில் உருவாக்கிய, வாயுவைக் கீழ்நோக்கி இழுக்கும் உலைதான் அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. ஜெர்மனியில் போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 5 லட்சம், மக்கள்தொகை குறைந்த சுவீடனில் 70,000 என்பவை அக்காலத்து மதிப்பீடுகள். நம் ஊர்களிலும் பேருந்தின் பின்புறம் உருளை பொருத்தி, கரியைப் போட்டு, கையால் காற்றூதிக் கிளப்பிய கரி பஸ்களை அந்தத் தலைமுறை பார்த்திருக்கிறது. ஆனால் இந்த வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் சில ஆண்டுகளுக்குள் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை சாலையிலிருந்து மறைந்தன. சுவீடனுக்குக் காடு இருந்தது, அனுபவம் இருந்தது, தொழிற்சாலை இருந்தது, எரிபொருளுக்கென்றே ஒரே அளவில் வெட்டி உலர்த்திய மரத்துண்டு கடைகளில் கிடைத்தது, இருந்தும் கைவிட்டார்கள். ஓட்டுநர்கள் தினமும் சாம்பல் தட்டி, வடிகட்டி கழுவி, கிளம்பும் முன் நெடுநேரம் காத்திருந்தது வேறு வழி இல்லாததால்தான். போர்க்கால அனுபவம் காட்டுவது இதைத்தான்: ஒரு நாடே முனைந்து நின்றால் மரவாயுவில் இன்ஜின் ஓட்டலாம், ஆனால் மாற்று வந்த அன்றே மக்கள் அதைவிட்டு விலகிவிடுவார்கள்.

இன்றைய கைத்தயாரிப்பு ஆர்வலர்கள் பலரும் கையில் வைத்திருக்கும் வரைபடம் 1989-இல் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமை வெளியிட்ட கையேட்டிலிருந்து வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தால் விவசாயி தன் டிராக்டரை ஓட்டிக்கொள்ளலாம் என்பதற்காக, சுலபமாகக் கிடைக்கும் இரும்புப் பாத்திரங்களையும் குழாய்களையும் கொண்டு கட்டும் முறையை அது விளக்குகிறது. நெருக்கடிக் காலத்துக்கானது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. இம்பெர்ட் உலையில் இருந்த குறுகலான கழுத்துப் பகுதியை, கட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, இந்த வடிவமைப்பு விட்டுவிட்டது. தார் உடைவதற்கு உதவியது அந்தக் கழுத்துதான். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்ட வேண்டிய டிராக்டருக்கு இது பரவாயில்லை. வீட்டு மின்சாரத்துக்கு நிரந்தரமாக நம்புவதற்கு அல்ல. கையேட்டை எழுதியவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் போட்ட எல்லையை நாம்தான் அழித்துவிட்டுப் படிக்கிறோம்.

பணமும் தொழில்நுட்பமும் படைத்த நாடுகளில் எது நிலைத்தது என்று பார்ப்பது பயனுள்ளது. பின்லாந்திலும் சுவீடனிலும் 1985, 86-ஆம் ஆண்டுகளில் பயோனியர் என்ற பெயரில் எட்டு கேசிஃபையர்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 4 அல்லது 5 மெகாவாட் வெப்பம் தருபவை. தார் மிகுந்த, எளிய, மேல்நோக்கி வாயு செல்லும் வகை. வாயுவைச் சுத்தப்படுத்தும் வேலையே வைத்துக்கொள்ளாமல், பக்கத்திலேயே கொதிகலனில் எரித்து ஊர் வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பினார்கள். அவற்றில் சில, குறைந்த ஆட்களோடு, பல பத்தாண்டுகள் ஓடின. டென்மார்க்கின் ஹார்போர் என்ற சிற்றூரில் 1993-இல் தொடங்கிய உலையின் கதை இன்னும் தெளிவானது. அதுவும் மரச்சில்லைப் போட்டு ஊருக்கு வெப்பம் தரும் நிலையம். வெப்பம் தருவதில் சீக்கிரமே நிலைபெற்றது. அதே வாயுவில் இன்ஜின் ஓட்டி மின்சாரமும் எடுப்பது என்று இறங்கியபோது, வாயுவைச் சுத்தம் செய்வதும், பிரிந்த தார்நீரை என்ன செய்வதென்று கண்டுபிடிப்பதும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இன்ஜின்கள் 2000-இல்தான் சேர்ந்தன. பின்லாந்தின் லாஹ்தி நகரில் 1998-இல் பெரிய கேசிஃபையரை நிறுவியவர்களும் வாயுவைக் கழுவவில்லை. நிலக்கரிக் கொதிகலனுக்குள் நேராகச் செலுத்தி, எரித்த நிலக்கரியின் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். பொறியாளர்கள் நிறைந்த நிறுவனங்களே தாரோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றால், பீப்பாயை வெட்டிக் கட்டிய உலைக்குப் பின்னால் இன்ஜினை மாட்டுகிறவர் எதை எதிர்கொள்ளப்போகிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

இந்திய அனுபவம் இதைவிட நெருக்கமானது, இதைவிட வருத்தம் தருவதும்கூட. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எச்.எஸ். முகுந்தாவும் சகாக்களும் 1980-களிலிருந்து உருவாக்கிய, மேல்பக்கம் திறந்த கேசிஃபையர் உலகத் தரமானது. தும்கூர் மாவட்டத்தில் 35 வீடுகள் அளவே கொண்ட ஹொசஹள்ளியில் 1988-இல் அதைக்கொண்டு 5 கிலோவாட் மின்நிலையம் அமைத்தார்கள். பின்னர் அது 20 கிலோவாட்டானது. விளக்கு, குழாய்த் தண்ணீர், மாவு மில் எல்லாம் அதிலேயே ஓடின. பல ஆண்டுகள் ஓடியது என்பதால் இதை எதிர்வாதமாகச் சிலர் காட்டுவார்கள். ஆனால் அங்கே வடிவமைத்த விஞ்ஞானிகளே கூடநின்றார்கள், எரிபொருளுக்கென்று அருகிலேயே மரம் வளர்த்தார்கள், உலையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். இந்த மூன்றும் மற்ற ஊர்களுக்குப் போகவில்லை. சுந்தரவனத்தின் கோசாபா தீவில் 1997-இல் வந்த 500 கிலோவாட் நிலையம் டீசலோடு சேர்த்தே ஓடும் வகை. டீசல் விலை ஏறினால் மின்கட்டணமும் ஏறியாக வேண்டும் என்ற பிணைப்பு அதன் பிறப்பிலேயே இருந்தது. மத்திய அரசு 2000-களின் நடுவில் தொடங்கிய கிராம எரிசக்திப் பாதுகாப்புத் திட்டத்தில் சோதனைக்கு எடுத்த ஊர்களில் கேசிஃபையர்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பல கொஞ்ச காலத்திலேயே நின்றுபோயின. பிகாரின் தம்குகா கிராமத்தில் 2007-இல் நெல் உமியில் மின்சாரம் எடுத்துப் புகழ்பெற்ற ஹஸ்க் பவர் நிறுவனம், பிற்பாடு சூரிய மின்சாரத்தை முதன்மையாக்கிக்கொண்டது. நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, மர அறுவை மில் கழிவில் ஓடும் 9 கிலோவாட் கேசிஃபையரைக் குடிநீர் இறைக்க வைத்தது. அது துணிச்சலான முயற்சி, இன்றும் பாராட்டத் தக்கது. அதே ஊராட்சி அடுத்த கட்டமாக முதலீடு செய்தது 350 கிலோவாட் காற்றாலையில்.

இவை எல்லாவற்றிலும் பழுதானது இரும்பு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து கிலோவாட் நிலையத்துக்கும் ஓர் ஆள் வேண்டும், ஐம்பது கிலோவாட்டுக்கும் ஓர் ஆள்தான் வேண்டும். மாலை நான்கு மணி நேரம் விளக்கெரிக்கும் வருமானத்தில் அந்த ஐந்து கிலோவாட் ஆளுக்குக் கூலி கொடுக்க முடிவதில்லை. கூலி இல்லாதபோது வடிகட்டி கழுவப்படுவதில்லை, ஈர விறகு உள்ளே போகிறது, தார் ஏறுகிறது, இன்ஜின் நிற்கிறது, மெக்கானிக் எழுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. இதே உலை ஒரு தொழிற்கூடத்தில், ஏற்கெனவே அடுப்பெரிக்க ஆள் வைத்திருக்கும் இடத்தில் இருந்தால், கூலி என்ற கேள்வியே எழாது. எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரி, கர்நாடகத்தில் பட்டுக்கூடு வேகவைக்கும் அடுப்புகளிலும் சிக்கிமில் பெரிய ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைகளிலும் வெப்பத்துக்கான கேசிஃபையரைப் பொருத்திப் பார்த்தது. விறகு கணிசமாக மிச்சப்பட்டது. புகையில் வாட்டிய காயைவிட, சீரான வெப்பத்தில் உலர்ந்த ஏலக்காய்க்கு நிறமும் மணமும் நன்றாக இருந்தன. உலையைத் தன் தொழிலின் பகுதியாக நினைக்கிறவர் அதைப் பராமரிக்கிறார், ஏனென்றால் சரக்கின் விலை அதில் தெரிகிறது.

இனி ஆபத்தைப் பற்றி. இதைத் தனியாகச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் எழுதுவதே தவறு. மரவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு என்றால், பத்து லட்சத்தில் இரண்டு லட்சம் பங்கு. பத்து லட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் ஒரே ஒரு கனமீட்டர் மரவாயு கசிந்து பரவினால் அளவு 7,000 பங்கை எட்டிவிடும். அவ்வளவு வாயு உண்டாக அரைக் கிலோ விறகுகூட வேண்டாம். இந்த நச்சுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். முதலில் வருவது தலைவலியும் சோர்வும்தான். அசதி என்று நினைத்து அங்கேயே படுத்தவர் எழுந்திருப்பதில்லை. போர்க்காலச் சுவீடனில் இந்த நச்சேற்றம் ஒரு தனி மருத்துவப் பிரச்சினையாகவே ஆனது. இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது உலைக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, எனவே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும். இன்ஜினை நிறுத்திய பிறகோ தணல் கனன்றுகொண்டே வாயுவை உண்டாக்கி, அதே ஓட்டை வழியே வெளியே தள்ளும். வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே தூங்கினால் விபரீதம்தான். ப்ளோயர் வைத்து வாயுவைத் தள்ளும் கைத்தயாரிப்பு உலைகளிலோ ஓடும்போதே வெளியே கசியும். குளிர்ந்த உலைக்குள் காற்று புகுந்து வாயுவோடு கலந்திருக்கும் நேரத்தில் தீக்குச்சி கிழித்தால் வெடிக்கும். வாயு உண்டான இடத்துக்கு அருகிலேயே, திறந்த வெளியில், அணையாத சுடரில் எரித்துவிடும் ஏற்பாட்டில் இந்த ஆபத்துகள் முழுதும் ஒழிந்துவிடாது என்றாலும், குழாயின் நீளமும் மூட்டுகளின் எண்ணிக்கையும் குறைவதால் பெரிதும் குறைகின்றன. மின்சாரத்துக்குப் போனால் குளிர்விக்கும் கலன், வடிகட்டி, சேமிப்பு என்று ஒவ்வொன்றும் கசிவதற்குப் புதிய இடங்கள்.

புயல் வந்து பத்து நாள் கரன்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு காவிரி டெல்டா கிராமங்கள் பல வாரங்கள் இருட்டில் கிடந்தன. குடிநீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. விழுந்த தென்னைகளோ கண்ணுக்கெட்டியவரை. அப்போது ஊருக்கொரு கேசிஃபையர் இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அன்று விழுந்த மரம் அத்தனையும் பச்சை, அதுவும் மழையில் நனைந்தது. 20 சதவீத ஈரத்துக்குக் கீழே அது இறங்க மாதங்கள் ஆகும். வெளியே மழை பெய்யும்போது உலையை எங்கே வைப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: திண்ணையில், கொட்டகையில், சமையலறையை ஒட்டி. பேரிடர் நேரத்தில் களைத்த, பயிற்சி இல்லாத கைகளில் கார்பன் மோனாக்சைடு தயாரிக்கும் கருவியைக் கொடுப்பதைவிட, மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு சூரிய பம்பும் ஊராட்சி அலுவலகத்தில் பேட்டரியும் வைப்பது பாதுகாப்பானது, மலிவானதும்கூட.

வெப்பம்தான் வேண்டும் என்றால் விறகை நேராகவே எரித்துவிடலாமே, நடுவில் எதற்கு வாயு என்பது இதைவிடக் கனமான கேள்வி. இதற்கு முழுப் பதில் எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. நன்றாகக் கட்டிய கொதிகலனில் ஏற்கெனவே விறகு சீராக எரிந்துகொண்டிருக்கும் சாயப்பட்டறைக்கோ அரிசி ஆலைக்கோ கேசிஃபையர் அவசியமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தேவைப்படுவது, இன்று டீசலோ எல்பிஜியோ எரியும் பர்னர் இருக்கும் இடத்தில். புகை படாத, கூட்டிக் குறைக்கக்கூடிய வெப்பம் சரக்கின் தரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில். பூ, மூலிகை, ஏலக்காய் உலர்த்தும் கூடங்கள், உலோகத்தைப் பதப்படுத்தும் சூளைகள், பட்டு நூல் எடுக்கும் பட்டறைகள், பெரிய சமையல்கூடங்கள் ஆகியவை அந்த வகை. வீட்டு அடுப்பைப் பொறுத்தவரை எச்சரிக்கை வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில், சின்ன விசிறியோடு 2006-இல் சந்தைக்கு வந்த ஊர்ஜா அடுப்பு 4 லட்சம் அளவுக்கு விற்றது. புகை இல்லாமல் எரிந்தது. ஆனால் அதற்கான வேளாண் கழிவு உருண்டைகளின் விலை ஏறியதும் பெண்கள் அதை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அடுப்பின் அறிவியல் சரியாக இருந்தது, எரிபொருள் சந்தை சரியாக இல்லை. வீட்டுக்குள் புகையால் 2020-இல் 32 லட்சம் பேர் உலகில் உயிரிழந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கும்போது, குடும்பச் சமையலுக்கு எல்பிஜியும் மின்னடுப்பும்தான் நாம் கொடுக்க வேண்டியவை. அந்த உதவியை வெட்டிவிட்டுக் கேசிஃபையரைக் காட்டுவது அநியாயம்.

மரம் வெட்டத் தூண்டாதா என்ற அச்சத்துக்கு, நான் பேசும் எல்லைக்குள் பதில் இருக்கிறது. ஏற்கெனவே விறகெரிக்கும் தொழில் குறைந்த விறகில் அதே வேலையைச் செய்தால் காட்டுக்கு நல்லது. டீசலிலிருந்து மாறும் தொழிலுக்கோ எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் கண்மாயையும் புஞ்சையையும் மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலம் இதற்கு இயல்பாகவே மனதில் வருகிறது. கனமான, சூடு தரும் மரம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. அயல் படையெடுப்புத் தாவரங்களை ஒழிக்க மாநில அரசும் 2022-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. இன்று அதில் பெரும்பகுதி மூட்டம் போட்டுக் கரியாகிறது. மரத்தின் ஆற்றலில் பாதிக்கும் மேல் அந்தப் புகையிலேயே போகிறது. அதை நறுக்கி உலர்த்தி உலர்த்துகூடங்களுக்குக் கொடுத்தால் கரிமூட்டக்காரருக்கும் வேலை உண்டு, புகையும் குறையும். ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. விலை கிடைத்துவிட்டால் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் மறுபடி துளிர்க்க விட்டுவிடுவார்கள். எனவே கண்மாய் உட்பரப்பில் வேரோடு எடுத்த மரத்தை மட்டுமே மானியம் பெறும் கூடங்கள் வாங்க வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையும் மர அறுவை மில்லின் துண்டுகளும் அதற்குத் துணையாகலாம்; உமி, மரத்தூள் போன்ற பொடிக் கழிவுகளைச் சாதாரண உலையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், அவற்றுக்கு வேறு வடிவமைப்பு தேவை.

கடைசியாக, கைத்தயாரிப்பில் ஆர்வமுள்ளவர்கள். அவர்களைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெருப்பை, காற்றோட்டத்தை, இரும்பைக் கையால் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பாடம் குறைவு, நம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இதைப் பயிற்சியாகவே கொடுக்கலாம். ஆனால் கட்டுகிறவர்கள் இன்ஜினை ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல பர்னர் ஒன்றைக் கட்டட்டும். சுவரில்லாத கொட்டகையில் வைக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வாங்காமல் முதல் தீயை மூட்ட வேண்டாம். தனியாக நின்று ஓட்ட வேண்டாம். அணைத்த பிறகும் மூடியைத் திறக்கும் முன் ஆறவிடட்டும். அரசு செய்ய வேண்டியதும் பெரிதல்ல. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறை இருக்கிறது. உள்ளூர்ப் பட்டறைகள் செய்யும் வெப்பக் கேசிஃபையர்களைச் சோதித்துச் சான்று தரும் பொறுப்பை அதற்குக் கொடுத்து, அந்தச் சான்று உள்ள உலைக்கு மட்டும் சிறுதொழில் மானியம் என்று அறிவிக்கலாம். சான்றில் எத்தனை கிலோவாட் மின்சாரம் என்ற வரி வேண்டியதில்லை. ஒரு கிலோ விறகுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் கொதித்தது, உலையருகே நிற்கும் தொழிலாளியின் மூச்சு உயரத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்ற இரண்டு எண்கள் அச்சிட்டிருந்தால், வாங்குகிறவரும் வேலை பார்க்கிறவரும் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.